தைலம் வாசனைதானே என்று இருந்துவிடாதீர்கள்!



மழை பிடித்துவிட்டால் நம்ம வீட்டு அலமாரியில் நீலகிரித் தைலப் புட்டி ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். மூக்கடைப்புக்கு இரண்டு சொட்டு, தலைவலிக்கு இரண்டு சொட்டு. கைக்குழந்தைக்குச் சளி என்றால், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்போம். "வாசனைதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்று கேட்போம். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஊட்டிப் பக்கம் தைல மரத்து இலையைப் பெரிய அண்டாவில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து எண்ணெயைப் பிரிப்பார்கள். நூறு கிலோ பச்சை இலை வெந்தால் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் தேறும். அவ்வளவு இலையின் வீரியமும் அந்தச் சின்னப் புட்டிக்குள் இருக்கிறது. துளசி, புதினா, கிராம்பு எண்ணெய்களும் இப்படித்தான். கஷாயத்தில் போடுகிற துளசியும் கடையில் விற்கிற துளசி எண்ணெயும் ஒன்றல்ல.

பெரிய ஆபத்து வாய்வழியாகத்தான் வருகிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி நீலகிரித் தைலம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். குழந்தையே எடுத்துக் குடிப்பது ஒரு பக்கம். கரண்ட் போன நேரத்தில் இருமல் மருந்து என்று நினைத்துத் தாயே ஊற்றிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. கற்பூரம் இன்னும் மோசம். சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தைக் கல்கண்டு என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு கிராம் அளவு போனாலே உயிருக்கு ஆபத்து. சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம்.

அப்படி நடந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் பார்க்க வேண்டும். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூக்கு, முகம், நெஞ்சு எங்கேயும் கற்பூரமோ நீலகிரித் தைலமோ புதினா எண்ணெயோ தடவக் கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மூக்கருகே தடவினால் பச்சைக் குழந்தைக்கு மூச்சே திணறிவிடும். மாமியார் கோபித்துக்கொள்வார்களே என்று தோன்றும். கிராம செவிலியரை ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லிப் பேச வையுங்கள். நாம் சொன்னால் கேட்காதவர்களும் நர்ஸம்மா சொன்னால் கேட்பார்கள். சளிக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தாலோ அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, கற்பூரம், கிராம்பு, ஓமத்தோடு நீலகிரித் தைலம் விட்டு முடிச்சுக் கட்டி மோந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏறாது. மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி தெரியும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் கை கால் வலிக்குத் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் அப்படியே தேய்க்க வேண்டாம். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி தைலம் போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துகொள்ளலாம். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆவி பிடிக்க வெறும் வெந்நீரே போதும். குழந்தைகளை அதன் பக்கத்திலேயே விடாதீர்கள், பானை கவிழ்ந்து வெந்துபோகும். தைலம் சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு மேடையில் வைக்காதீர்கள்.

தைலம் தயாரித்து விற்கலாம் என்று சில குழுக்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். "மூட்டு வலி தீரும்" என்று லேபிளில் போட்டால் அது மருந்தாகிவிடும். சித்தா, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் உரிமம் இல்லாமல் விற்க முடியாது. கடன் வாங்கிப் புட்டி வாங்குவதற்கு முன்னாடியே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.