டீசல் ஒரு லட்சம், கூலி முப்பத்தொரு லட்சம்

எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. 2021-22 சேர்க்கையில் வந்த மாணவர்களிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. முதல் கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30, மூன்றாம் கட்டத்தின் முதல் பகுதியில் 21. ஆக மொத்தம் 78 மணி நேரம். ஒரு தடவை போனால் 3 மணி நேரம் என்ற கணக்கில் 26 தடவை ஊருக்குள் போக வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, எடை ஏறுகிறதா, பெண்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து விடாமல் எடுக்கிறார்களா என்பதெல்லாம் மாணவர் பார்க்க வேண்டியவை.

வேண்டிய திட்டம்தான். 2014-ஐ ஒட்டி நாட்டில் 51 ஆயிரம் சொச்சமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தே ஆண்டில் 1,15,000-ஐத் தாண்டிவிட்டன. இத்தனை பேரும் நோயாளியை மருத்துவமனைக் கட்டிலில் மட்டுமே பார்த்துவிட்டுப் பட்டம் வாங்கினால் அது நாட்டுக்கு நல்லதல்ல. ஆனால் இதற்கு என்ன செலவாகிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்று யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் 150 இடம் உள்ள ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரியை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன். இடத்துக்கு இடம் மாறும் எண்களை நானாக வைத்துக்கொண்டேன். எவை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

மாணவருக்கு 5 குடும்பம் என்று வைத்தால் ஓர் ஆண்டு மாணவர்களுக்கு 750 குடும்பம். மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்தால் 2,250. குடும்பத்துக்கு 4 பேர் என்றால் 9,000 பேர். ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் பார்க்கும் மக்கள்தொகையில் இது சிறிய பங்கல்ல.

முதலில் பேருந்து. 150 பேருக்கு 50 இருக்கைப் பேருந்து 3 வேண்டும். 26 தடவைக்கு 78 ஓட்டம். ஊர் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொண்டால் போக வர 60. மொத்தம் 4,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 1,170 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,07,640 ரூபாய். ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 718 ரூபாய்கூட ஆகாது. இந்தச் செலவைச் சொல்லி எந்தக் கல்லூரியும் கையை விரிக்க முடியாது.

கருவிகளும் அப்படித்தான். ஐந்து பேருக்கு ஒன்று என்று ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி 30 வாங்கினால், ஒன்று 2,000 ரூபாய் என வைத்து, 60,000 ரூபாய். வெவ்வேறு நாளில் போகும் மூன்று ஆண்டு மாணவர்களும் அதையே பயன்படுத்தலாம்.

ஆசிரியர் நேரம் கொஞ்சம் கனம். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் கூடப் போனால் 15 பேர். 3 மணி நேரம், 26 தடவை. 1,170 மணி நேரம். சமூக மருத்துவத் துறை தனியாக இதைச் சுமக்க முடியாது. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு என மற்றத் துறை ஆசிரியர்களும் பேருந்தில் ஏற வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கல்லூரியின் கணக்கு. இனி வருவது எந்தப் பேரேட்டிலும் இல்லாதது.

பேருந்து காலை பத்து, பத்தரைக்கு ஊருக்குள் வருகிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பாட்டியும் கைக்குழந்தையும். திண்ணையில் உட்கார்ந்த பாட்டியின் கையில் மாணவி பட்டையைச் சுற்றுகிறாள். மேல் அளவு 160. "பாட்டி, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" "சாப்பிட்டுட்டுப் போடணும்னு சொன்னாங்க கண்ணு. நான் ஒருவேளைதான் சாப்பிடுறேன்." மாணவி எழுதிக்கொள்கிறாள். இந்த ஒரு பதிலுக்காகவே அவள் 30 கிலோமீட்டர் வந்தது தகும். எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் அது வெளியே வராது. ஆனால் அடுத்த கேள்விகளுக்கு வீட்டில் ஆளில்லை. மருமகள் வேலைக்குப் போய்விட்டாள், மகன் விடியற்காலையிலேயே கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 30.2 விழுக்காட்டினர் ரத்த அழுத்தம் கூடியவர்கள் அல்லது அதற்கு மருந்து எடுப்பவர்கள். நம் 9,000 பேரில் அந்த வயதுப் பெண்கள் கால்வாசி என்று கொண்டால் 2,250 பேர். அவர்களில் சுமார் 1,200 பேருக்கு ரத்தசோகை இருக்கும். காலை பத்தரை மணிக்குப் போகிறவர்கள் தவறவிடுவது இந்த 1,200 பேரில் பலரையும், ரத்த அழுத்தம் உள்ள ஆண்களில் பெரும்பாலோரையும்தான்.

மாறாக, "டாக்டர் பிள்ளைங்க வர்றாங்க, வீட்ல இருங்க" என்று முந்தின நாளே சொல்லி நிறுத்திவைத்தால்? 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். ஒரு தடவைக்கு ஒருவருக்கு அரை நாள் போகிறது என்று குறைத்தே வைக்கிறேன். உண்மையில் காலையில் வராதவருக்கு அன்றைய முழுக் கூலியும் போய்விடும். 26 அரை நாள் என்பது 13 நாள், 4,147 ரூபாய். 750 குடும்பத்துக்கு 31,10,250 ரூபாய். பாதிக் குடும்பங்களில்தான் ஆள் நிற்க வேண்டி வந்தது என்றாலும் 15,55,125.

டீசல் செலவைப் போல ஏறக்குறைய 29 மடங்கு. பாதி என்று எடுத்தாலும் 14 மடங்கு. மருத்துவக் கல்விக்கு ஊர்மக்கள் கட்டும் கட்டணம் இது, ரசீது கிடையாது.

கிராமத்துக்கு மாணவரை அனுப்புவது இன்று நேற்று வந்த யோசனையல்ல. சமூக மருத்துவத்தில் 3 மாதப் பயிற்சி தர வேண்டும் என்று 1946-இலேயே நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு சொன்னது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் 3 வட்டாரங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. 45 ஆண்டு கழித்து அதே நோக்கத்தை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது என்றால் அது வேர் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். வேர் பிடித்த இடங்களும் உண்டு. 1969-இல் தொடங்கிய சேவாகிராம் மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் கழகத்தில் ஒவ்வோர் ஆண்டு மாணவரும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, முதலாண்டிலேயே 15 நாள் முகாமில் அங்கேயே தங்குகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு மாணவருக்குக் கிராமத்தில் தங்கிப் பழகும் பயிற்சி உண்டு. இரண்டிலும் மாணவர் ஊரில் தங்குகிறார். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவரைப் பார்க்க முடிகிறது.

அதையும் கணக்காக்கினேன். 15 நாள் தங்கி, மாலையில் 2 மணி நேரம் வீடுகளுக்குப் போனால் 30 மணி நேரம். முதல் கட்டத்துக்கு விதித்த 27 மணி நேரத்தைவிட இது கூடுதல். சாப்பாட்டுக்கு நாளுக்கு 200 ரூபாய் என்றால் 150 பேருக்கு 4,50,000 ரூபாய். அந்த 27 மணி நேரத்துக்குரிய 9 தடவைக்குக் குடும்பங்கள் இழந்திருக்கும் கூலி 10,76,625. பேருந்து 27 ஓட்டத்துக்குப் பதில் 6 ஓட்டம் போதும். டீசலில் 28,980 ரூபாய் மிச்சம். நாலரை லட்சம் கல்லூரிக்குக் கூடுதல் செலவுதான், மறுக்கவில்லை. செலவழிக்க வேண்டியவர் கையிலிருந்து அது போகிறது என்பதே எனக்கு முக்கியம்.

மீதி 17 தடவையை ஞாயிற்றுக்கிழமைக்கோ மாலைக்கோ மாற்றலாம். மாணவர்களிலேயே இதற்குக் கைகொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020 முதல் நடப்பிலுள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், 150 இடம் கொண்ட ஓர் அரசுக் கல்லூரியில் அரசுப் பள்ளியில் படித்த 9 அல்லது 10 பேர் சேர்கிறார்கள். ஊர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகும், எத்தனை மணிக்கு அடுப்பு எரியும் என்று அவர்களில் பலருக்குப் பேராசிரியர்களைவிட நன்றாகத் தெரியும். கால அட்டவணை போடும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

உங்கள் ஊரை ஒரு மருத்துவக் கல்லூரி தத்தெடுத்திருந்தால், அடுத்த தடவை மாணவர்கள் வரும்போது எந்த நாள், எந்த நேரம் வந்தால் எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். கிராமசபையில் ஒரு தீர்மானமாகவே எழுதிக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.