மேம்படுத்தலுக்குப் பின் கிரப் துவக்க ஏற்றிப் பழுது

கிரப் என்பது லினக்சு கணினிகளில் பரவலாகப் பயன்படும் துவக்க ஏற்றி ஆகும். கணினியை இயக்கியதும் இது லினக்சு கருவை நினைவகத்தில் ஏற்றி, இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கிறது. இயங்குதளத்தை மேம்படுத்திய பின் சில கணினிகளில் இந்த ஏற்றி செயலிழந்து, கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள் மட்டும் நிற்பதுண்டு. இப்பழுதினால் பயனரின் கோப்புகள் பொதுவாக அழிவதில்லை. வன்தட்டை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் மீண்டும் நிறுவினால்தான் அவை அழியும்.

தமிழ்நாட்டில்

சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை உருவாக்கியது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவி வழங்கப்பட்டது. இவ்வாறு இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியலைக் கிரப் காட்டுமானால், அது பழுதானதும் இரண்டுமே திறக்காமல் போகலாம்.

காரணம்

பயாஸ் முறையில் இயங்கும் கணினியில் கிரப் இரண்டு இடங்களில் உள்ளது. அதன் தொடக்கப் பகுதி வன்தட்டின் முதல் 512 பைட்டுகளிலும் அதை அடுத்த வெற்றிடத்திலும் இருக்கும். மற்ற நிரல்கூறுகள் 'பூட்' கோப்புறையில் இருக்கும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

2020 சூலை 29 அன்று 'பூட்ஹோல்' எனும் கிரப் பாதுகாப்புக் குறை வெளியிடப்பட்டது. அதற்கான திருத்தத்தை நிறுவிய டெபியன், உபுண்டு கணினிகள் சிலவற்றில், 'கிரப்_காலக்' என்ற குறியீடு காணப்படவில்லை என்ற பிழைச்செய்தி தோன்றியது. வன்தட்டு மாற்றப்பட்டது போன்ற காரணங்களால், தொடக்கப் பகுதியை எந்த வன்தட்டில் எழுதுவது என்ற பழைய பதிவு அவற்றில் பொருந்தாமல் இருந்தது. கோப்புறை புதிதாக, தொடக்கப் பகுதி பழையதாகவே நின்றது.

சீர்செய்யும் முறை

1. லினக்சு உள்ள பென் டிரைவ் மூலம், 'நிறுவாமல் பயன்படுத்து' என்ற தெரிவில் கணினியைத் தொடங்க வேண்டும். பழுதான லினக்சு எந்த முறையில் (பயாஸ் அல்லது யூ.இ.எஃப்.ஐ.) நிறுவப்பட்டதோ அதே முறையில் தொடங்குவது இன்றியமையாதது.
2. 'எல்.எஸ்.பி.எல்.கே.' கட்டளையால் லினக்சு இருக்கும் வன்தட்டுப் பிரிவைக் கண்டறிய வேண்டும்.
3. அப்பிரிவை 'மவுண்ட்' கட்டளையால் இணைக்க வேண்டும். 'பூட்' தனிப் பிரிவாக இருந்தால் அதையும், யூ.இ.எஃப்.ஐ. கணினியில் இ.எஃப்.ஐ. பிரிவையும் உரிய இடத்தில் இணைக்க வேண்டும்.
4. 'டெவ்', 'பிராக்', 'சிஸ்' கோப்புறைகளையும் இணைத்து, 'சிஎச்ரூட்' கட்டளையால் பழைய அமைப்பினுள் நுழைய வேண்டும்.
5. 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை இயக்க வேண்டும். பயாஸ் கணினியில் வன்தட்டின் பெயரையும் உடன் தர வேண்டும். பிரிவின் எண்ணைச் சேர்க்கக் கூடாது.
6. 'அப்டேட்-கிரப்' கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்து, கணினியை மீளத் தொடங்க வேண்டும்.

மீண்டும் வராமல் தடுத்தல்

கணினி திறந்ததும், டெபியன் வழிவந்த பயாஸ் கணினிகளில் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' கட்டளையை இயக்கிச் சரியான வன்தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மேம்படுத்தலிலும் அதே பழுது நேரக்கூடும். வன்தட்டை மாற்றும்போதோ வேறொன்றில் நகலெடுக்கும்போதோ இந்தப் பதிவைச் சரிபார்ப்பது நல்லது.