சிறு பலகையில் விளையாட்டு எஞ்சின்: செலவும் பயனும்

இந்தியாவில் கணிப்பொறியின் வரலாறு கொல்கத்தாவில் தொடங்குகிறது எனலாம். நகரின் வடக்கு எல்லையில், பராநகரில் அமைந்துள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1953-ஆம் ஆண்டில் சமரேந்திர குமார் மித்ரா தலைமையில் ஓர் ஒப்புமைக் கணிப்பொறி உருவாக்கப்பட்டது. பத்து மாறிகளைக் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க அது பயன்பட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அதே நிறுவனத்திற்கு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் இலக்கமுறைக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதன் காந்த உருளை நினைவகத்தில் 1,024 சொற்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1966-இல் இந்நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து இசிஜு-1 என்னும் டிரான்சிஸ்டர் கணிப்பொறியை இயக்கிவைத்தன. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் எண்ணிச் செலவிட்ட காலம் அது.

இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்னணுப் பலகை, அந்தப் பழைய பொறியைவிடப் பல லட்சம் மடங்கு நினைவகத்தைக் கொண்டுள்ளது. எனினும், அதில் ஒரு விளையாட்டு எஞ்சினை இயக்க முற்படும் மாணவருக்குப் பராநகரின் பழைய சிக்கனம் மீண்டும் தேவைப்படுகிறது. இந்தச் சிறு பலகை நமது பள்ளிகளுக்கும் அறிவியல் காட்சிக்கூடங்களுக்கும் எந்த அளவுக்குப் பயன்படும், அதற்கு நாம் தர வேண்டிய விலை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எஞ்சின் என்றால் என்ன?

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை உருவாக்குவோர் அனைவருக்கும் சில பணிகள் பொதுவானவை. படங்களைத் திரையில் வரைதல், ஒலியை எழுப்புதல், விசைப்பலகையின் கட்டளையை ஏற்றல், பொருள்களின் வீழ்ச்சியையும் மோதலையும் கணக்கிடுதல் ஆகியவை அவை. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவது வீண் உழைப்பு. எனவே இப்பணிகளைத் தொகுத்துத் தரும் மென்பொருளே விளையாட்டு எஞ்சின் எனப்படுகிறது. பெயரில் விளையாட்டு இருந்தாலும், பயிற்சிக்கான பாவனைக் காட்சிகள், அருங்காட்சியகத்தின் தொடுதிரைக் காட்சிகள், பாடவிளக்கங்கள் ஆகியவற்றையும் இதைக் கொண்டு அமைக்கலாம்.

திறந்த மூல எஞ்சின்களுள் கோடோ என்பது பரவலாகப் பயன்படுவதாகும். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஆரியல் மன்சூர் ஆகிய இருவரும் உருவாக்கிய இம்மென்பொருள் 2014-ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ்ப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எவரும் இதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், இதைக் கொண்டு செய்த பொருளை விற்கவும் செய்யலாம். ஒருமுறை பதிவிறக்கிய பின்னர் இணைய இணைப்பு இன்றியும் இது இயங்கும்.

உரிமத்தின் தன்மை வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணிவிடலாகாது. தனியுடைமை எஞ்சினான யூனிட்டி, விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் வசூலிக்கப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அறிவிப்பு முதலில் தளர்த்தப்பட்டு, 2024 செப்டம்பரில் முற்றிலும் கைவிடப்பட்டது. எனினும், வேறொருவர் கையிலுள்ள கருவியை நம்பித் தொழிலையோ பாடத்திட்டத்தையோ அமைப்பதன் இடரை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பலகையின் ஆற்றலும் எல்லையும்

செயலி, நினைவகம், இணைப்பு வாயில்கள் ஆகிய அனைத்தும் ஒரே பலகையில் பொருத்தப்பட்ட கணிப்பொறியை ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்கிறோம். இங்கிலாந்தின் ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் அறிமுகமானபோது இவ்வகைப் பொறிகள் மாணவருலகில் பரவத் தொடங்கின. 2019-இல் வெளியான நான்காம் தலைமுறைப் பலகையில் 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய நான்கு உட்கருக்கள் உள்ளன. அதற்குரிய மின்வழங்கி 5 வோல்ட், 3 ஆம்பியர் அளவினது; அதாவது, உச்ச நிலையிலும் 15 வாட்.

திரையில் அசைவு தடையின்றித் தோன்ற, நொடிக்கு 60 படங்கள் வரையப்பட வேண்டும். ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் எல்லாக் கணக்கையும் முடிக்க இயலாதபோது ஆட்டம் தடுமாறும். சிறு பலகையில் இத்தடுமாற்றம் விரைவில் வந்துவிடுகிறது. ஆகவே மாணவர் சிக்கனத்தைக் கற்றாக வேண்டும்.

முதலாவது, திரையின் நுண்மை. 1920க்கு 1080 என்ற அளவில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 1280க்கு 720 என்ற அளவில் 9,21,600 மட்டுமே. இம்மாற்றம் ஒன்றினாலேயே வரைகலைச் செயலியின் சுமை பாதிக்கும் கீழே குறைகிறது. இரண்டாவது, படங்களின் அளவு. பக்கத்திற்கு 2,048 புள்ளிகள் கொண்ட சதுரப் படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 16 மெகாபைட் நினைவகத்தை விழுங்கும். பக்க அளவைப் பாதியாக்கினால் 4 மெகாபைட் போதும். மூன்றாவது, நொடிக்கு 30 படங்கள் என்று இலக்கை வகுத்துக்கொள்வது. வேகமில்லாத பாடவிளக்கங்களுக்கு இதுவே போதுமானது. நான்காவது, வேலைப் பகிர்வு. எஞ்சினின் தொகுப்புத் திரை சிறு பலகையில் மெதுவாகவே இயங்கும் என்பதால், பள்ளியிலுள்ள ஓரிரு பெரிய கணிப்பொறிகளில் ஆட்டத்தைத் தொகுத்து, பலகைகளில் இயக்கிப் பார்க்கலாம்.

எழுத்துக்குத் தரும் விலை

இங்கு நம் நாட்டிற்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. ஆங்கில எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் சொல் அமைந்துவிடும். வங்காள மொழியிலோ இகரக் குறி மெய்யெழுத்தின் பின் ஒலிக்கப்பட்டாலும் அதற்கு முன் எழுதப்படுகிறது. இரண்டு, மூன்று மெய்கள் கூடிப் புதிய வடிவம் பெறும் கூட்டெழுத்துகளும் மிகுதி. தமிழிலும் ‘கொ’ என்று எழுதும்போது, ஒரே உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இவற்றை முறையாக வரைய எழுத்துகளை மாற்றி அடுக்கும் தனித் திறன் மென்பொருளுக்குத் தேவை.

கோடோவின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளில் இத்திறன் இல்லை. கொம்பு இடம் மாறியும், கூட்டெழுத்து உடைந்தும் தோன்றும். 2023 மார்ச்சில் வெளியான நான்காம் வரிசையில்தான் இந்திய எழுத்துகள் முறையாக அமையும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால், மூன்றாம் வரிசை எஞ்சின் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 என்னும் எளிய வரைகலைத் தரத்திலேயே இயங்கக்கூடியது. நான்காம் வரிசையின் மிக எளிய வரைமுறைக்குக்கூட 3.0 தரம் தேவைப்படுகிறது. ராஸ்பெரி பையின் மூன்றாம் தலைமுறைப் பலகைகள் 2.0 தரத்தோடு நின்றுவிடுகின்றன. நான்காம் தலைமுறை முதல்தான் 3.0 தரம் கிடைக்கிறது.

இதன் பொருளாதார விளைவைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விளையாட்டு அமைக்கும் மாணவருக்குப் பழைய, மலிவான பலகை போதும். அதே பலகையில் வங்காளத்திலோ தமிழிலோ அமைக்க விரும்பும் மாணவர், சொற்களைப் படமாக வரைந்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் படத்தை மாற்ற வேண்டும். அப்படங்களுக்கும் நினைவகம் செலவாகும். இல்லையேல் ஒரு தலைமுறை உயர்ந்த பலகையை வாங்க வேண்டும். தாய்மொழிக்கு இவ்வாறு ஒரு மறைமுக விலை விதிக்கப்படுகிறது. கொள்முதல் செய்யும் அலுவலர் இதை அறியாமல் மிகக் குறைந்த விலைப் பலகையைத் தேர்ந்தெடுத்தால், சில நூறு ரூபாய்ச் சேமிப்பு ஒரு பள்ளியின் மாணவர்களைத் தம் மொழியில் எழுத முடியாதவர்களாக்கிவிடும். இங்குத் திறந்த மூலத்தின் சிறப்பும் புலனாகிறது: இக்குறையைத் தீர்க்கும் நிரல், எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாக எஞ்சினில் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் பயனைப் பெற எந்த மாநிலமும் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

கணக்கு காட்டும் உண்மை

மின்சாரச் சேமிப்பை மிகைப்படுத்திக் கூறுவது வழக்கமாகிவிட்டது. எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இருபது இருக்கைகள் கொண்ட பள்ளி ஆய்வகம் ஒன்று நாளொன்றுக்கு 5 மணி வீதம் ஆண்டில் 200 நாள் இயங்குவதாகக் கொள்வோம். மேசைக் கணிப்பொறி 100 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 2,000 யூனிட். சிறு பலகைகள் உச்ச அளவிலேயே இயங்கினாலும் 300 யூனிட். மிச்சம் 1,700 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் 13,600 ரூபாய். இது ஒரு பள்ளியின் நிதிநிலையை மாற்றிவிடும் தொகை எனக் கூற இயலாது.

உண்மையான ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. திரைகளுக்குத் தனியே 20 வாட் வீதம் சேர்த்தாலும், இருபது பலகைகளுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது 700 வாட். மேசைக் கணிப்பொறிகளுக்கோ 2,400 வாட். சித்திரை, வைகாசி மாதங்களில் வங்காளத்தில் வீசும் கால்பைசாகிப் புயல்களின்போது மின்சாரம் தடைபடுவது புதிதன்று. 700 வாட் சுமையை ஒரு நடுத்தர இன்வெர்ட்டர் சிறிது நேரம் தாங்கும், பாடவேளை வீணாகாது. குறைந்த மின்தேவையின் பயன், கட்டணச் சீட்டைவிடக் கற்பித்தலின் தொடர்ச்சியில்தான் மிகுதியாகத் தெரிகிறது.

பலகையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பொதுவாக இவை நினைவக அட்டையிலிருந்து இயங்குவதால், திடீர் மின்தடையில் அட்டையிலுள்ள பதிவுகள் சிதைய வாய்ப்புண்டு. காட்சிக்கு வைக்கும் பொறிகளில் அட்டையைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் அமைப்பை ஏற்படுத்தினால் இவ்விடர் பெரிதும் குறையும். கோடை வெப்பத்தில் செயலியின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியசை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் கடத்தும் உலோகத் துண்டும் சிறு விசிறியும் வாங்குவதை ஆடம்பரம் எனக் கருதலாகாது.

எங்கே பயன்படும்?

கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் அறிக்கையின்படி, கணிப்பொறி வசதியுள்ள பள்ளிகள் 2023-24-இல் 57.2 விழுக்காடாக இருந்து, 2024-25-இல் 64.7 விழுக்காடாக உயர்ந்துள்ளன. முன்னேற்றம் பாராட்டத்தக்கது, எனினும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பள்ளிகள் இன்னும் வெளியே நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதலே நிரலாக்கத்தைப் பரிந்துரைக்கிறது. கேரளத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்கள், கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அசைவூட்டமும் நிரலாக்கமும் கற்பிக்க இயலும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

கொல்கத்தாவில் இதற்கு இயல்பான மற்றொரு களமும் உண்டு. குருசதய் சாலையிலுள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து 1965-இல் நடமாடும் அறிவியல் காட்சி கிராமப்புறங்களுக்குப் புறப்பட்டது. பார்வையாளர் தாமே இயக்கிப் பார்க்கும் காட்சிப்பொருள்களே அத்தகைய முயற்சிகளின் உயிர்நாடி. பேருந்தில் மின்சாரமும் இடமும் அரிது. 15 வாட்டில் இயங்கி, வங்காளத்தில் விளக்கம் கூறி, குழந்தையின் கைக்கட்டளைக்கு மறுமொழி தரும் காட்சியை அமைக்கச் சிறு பலகையும் திறந்த மூல எஞ்சினும் மிகவும் ஏற்றவை. அக்காட்சியை உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே உருவாக்கினால் பயன் இருமடங்காகும்.

அலுவலர் கவனத்திற்கு

மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகளின் கொள்முதலில் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கிறது. கொள்கையைச் செயலாக்குவதில் மூன்று செய்திகளை மனத்திற்கொள்வது நலம்.

முதலாவதாக, ஒப்பந்தப்புள்ளியில் வணிகப் பெயரைக் குறிப்பிடாமல் தேவைப்படும் தரத்தையே குறிப்பிட வேண்டும்: வரைகலைத் தரம், நினைவக அளவு, மாநில மொழி எழுத்துகள் முறையாகத் தோன்றுதல் ஆகியவை. சில்லுத் தட்டுப்பாட்டினால் 2021 அக்டோபரில் 2 கிகாபைட் ராஸ்பெரி பை 4-இன் விலை 35 டாலரிலிருந்து 45 டாலராக உயர்ந்தது. ஒரே நிறுவனத்தின் பலகையைச் சார்ந்திருந்த திட்டங்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. இப்பலகைகள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. சி-டாக் நிறுவனத்தின் வேகா செயலிகளும் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் உள்நாட்டு ஆற்றலை வளர்த்து வருகின்றன. வரைகலைப் பணிக்கேற்ற உள்நாட்டுப் பலகை உருவாகும் நாளில், தரத்தைக் குறிப்பிட்டு எழுதிய ஒப்பந்தமே அதற்கு வழிவிடும்.

இரண்டாவதாக, உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை ஆசிரியர் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். இலவச மென்பொருளுக்கும் கற்றுத்தருவோர் தேவை. அந்தச் செலவை நிதிநிலையில் காட்டாத திட்டங்கள் பூட்டிய அறையில் முடிவடைகின்றன.

மூன்றாவதாக, முழு அளவில் வாங்குவதற்கு முன் ஒரு பலகையை வாங்கி, மாநில மொழியில் சிறு விளையாட்டு ஒன்றை அமைத்து, கோடைக்கால அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தடுமாற்றம், வெப்பம், எழுத்துப் பிழை ஆகிய மூன்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்த விவரக்குறிப்பும் தராத தெளிவை அச்சோதனை தரும்.

பிறர் செய்த விளையாட்டுகளை வாங்கி ஆடும் பெரும் சந்தையாக நம் நாடு வளர்ந்துள்ளது. அவற்றைப் படைப்போரின் எண்ணிக்கையும் பெருக வேண்டுமானால், படைப்புக்கருவி கிராமப் பள்ளி வரை சென்றடைய வேண்டும். அங்குள்ள குழந்தை தன் எழுத்திலேயே அதனுடன் பேச இயல வேண்டும். சரியான பலகையைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தால், இவ்விரண்டும் இன்றே கைகூடக்கூடியவை.