பெயரைப் பார்த்து ஸ்பேர் வாங்காதீர்கள்

பழசைப் பழுது பார்ப்போம் - 9

பழைய பொம்மை ரயில் எஞ்சினுக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தக் காலத்தில் அது மலிவாக விற்றதா, விலை உயர்ந்ததா? மலிவு என்றால் கவலையே இல்லை. பிரிட்டனில் 1950-களில் வீட்டுக்கு வீடு போன எஞ்சின்களுக்கு இன்றும் ஸ்பிரிங், கார்பன் பிரஷ், கொக்கி எல்லாம் கிடைக்கின்றன. பணக்காரப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சமாகச் செய்த அருமையான எஞ்சினுக்கு ஒரு சக்கரம் போனால், கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் கிடைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பிரிட்டிஷ் எஞ்சின் என்றால் பெட்டியில் பெரும்பாலும் 'ஹார்ன்பி' என்றுதான் இருக்கும். அந்தப் பெயரை நம்பிப் பாகம் வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. அதற்கு வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும்.

உலோகத் துண்டுகளைப் பூட்டிச் செய்யும் மெக்கானோ பொம்மையை உருவாக்கிய பிராங்க் ஹார்ன்பியின் தொழிற்சாலை லிவர்பூலில் பின்ஸ் ரோட்டில் இருந்தது. அவர் 1936-இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1938-இல், அங்கிருந்து 'ஹார்ன்பி டப்ளோ' வந்தது. 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், கனமான உலோக உடல், நடுவில் மின்சாரத்துக்கென மூன்றாவது தண்டவாளம். போருக்குப் பிறகு போட்டிக்கு வந்தது ரோவெக்ஸ். 1950-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக பிளாஸ்டிக் ரயில் செட் செய்த கம்பெனி. அடுத்த ஆண்டே அதை லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியார் வாங்கி, 'டிரையாங்' என்று பெயர் சூட்டி, 1954-இல் மார்கேட் என்ற கடலோர ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

பிளாஸ்டிக் ஜெயித்தது. 1964-இல் லைன்ஸ் பிரதர்ஸ் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். பெயர் 'டிரையாங் ஹார்ன்பி' ஆனது. 1971-இல் லைன்ஸும் கவிழ்ந்தது. டிரையாங் பெயர் கைவிட்டுப் போக, மார்கேட் ரயில்கள் வெறும் 'ஹார்ன்பி' என்ற பெயரில் விற்கத் தொடங்கின. கவனியுங்கள், ரத்தம் டிரையாங்கினுடையது, பெயர் மட்டும் லிவர்பூலினுடையது! நிஜமான டப்ளோவின் அச்சுகள் ரென் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போய், 1990-களின் தொடக்கம் வரை அதன் பெயரில் எஞ்சின்களாக வந்துகொண்டிருந்தன. எனவே டப்ளோவுக்குப் பாகம் தேடுகிறவர் ஹார்ன்பி அலமாரியைத் தாண்டிப் போய், ரென் அலமாரியில்தான் தேட வேண்டும்.

டப்ளோவுக்குள்ளேயே இன்னொரு கோடு உண்டு. 1959-இல் அவர்களும் இரண்டு தண்டவாள முறைக்கு மாறினார்கள். மூன்று தண்டவாள எஞ்சினின் சக்கரம் முழு உலோகம். இரண்டு பக்கமும் மின்சாரம் ஒன்றாகத் திரும்பும். இரண்டு தண்டவாள எஞ்சினில் இடதும் வலதும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று பழைய சக்கரத்தை மாற்றி மாட்டினால், தண்டவாளத்தில் வைத்த நொடியே ஷார்ட் ஆகும்.

இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் இவை பிழைத்திருப்பதற்குக் காரணம், திருப்புளி இருந்தால் திறக்கலாம் என்று செய்திருப்பதுதான். டிரையாங்கின் எக்ஸ்.04 மோட்டாரைப் பாருங்கள். 1950-களில் வந்து 1970-கள் வரை ஏராளமான எஞ்சின்களுக்குள் உட்கார்ந்த மோட்டார் அது. மூடியே கிடையாது, ஆர்மேச்சர், காந்தம், பிரஷ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கைகளாக வளைந்த ஒரே கம்பிதான் ஸ்பிரிங், இரு பக்கமும் ஒவ்வொரு பிரஷை அழுத்திப் பிடிக்கும். அதில் ஒரு கையில் மட்டும் சின்னக் குழாய் உறை இருக்கும், மின்சாரம் குறுக்கே பாயாமலிருக்க. பழைய உறை நொறுங்கி விழுந்திருந்தால், மோட்டார் செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். வயரிலிருந்து உரித்த பிளாஸ்டிக் துண்டைச் செருகினால் ஓடும்! டிரையாங்கில் பாகங்களுக்கு 'எக்ஸ்' எண் கொடுத்து, பிரித்து வரைந்த சர்வீஸ் தாள்களைக் கடைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். இன்று வீட்டு மாடியில் உட்கார்ந்து பிரஷும் ரப்பர் டயரும் செய்து விற்கும் சிறு வியாபாரிகள் அந்த எண்களையே பயன்படுத்துகிறார்கள். இப்போது வரும் மாடல்களில் ஒட்டி மூடிய சிறு மோட்டாரைப் பார்க்கும்போது, முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

காந்தம் தனிக் கதை. வயதான காந்தம் தளர்ந்தால் எஞ்சின் இழுக்காது, மோட்டார் சுடும். பழைய அல்நிகோ காந்தத்தை மோட்டாரிலிருந்து வெறுமனே உருவினாலே பாதி சக்தி போய்விடும். உருவும்போதே இரும்புத் துண்டு ஒன்றை முனைகளுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். தளர்ந்த காந்தத்துக்குத் திரும்பச் சக்தி ஏற்றலாம், அல்லது சிறிய நியோடிமியம் காந்தத்தைப் பொருத்தலாம். பின்னதில் பலம் கூடும், கூடவே தண்டவாளத்தில் கிடக்கும் இரும்புத் தூளையெல்லாம் வாரிக்கொள்ளும். நான் முதலாவதையே சொல்வேன்.

எதுவும் அகப்படவில்லையென்றால், உதிரிக்கென்றே இன்னொரு உடைந்த எஞ்சினை வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பொம்மைச் சந்தைகளில் மேஜைக்கு அடியில் இருக்கும் அட்டைப் பெட்டி, நம் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் மாதிரி. கூரை இல்லாதது, சக்கரம் இல்லாதது, மோட்டார் மட்டும் இருப்பது என்று எல்லாம் அதில் கிடக்கும்.

ஸ்பேரால் தீராத நோய் ஒன்றுதான்: மேஸாக் அழுகல். மேஸாக் எனப்படும் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே அரிக்கும். வீங்கி, வளைந்து, வெடித்து, கடைசியில் விரலால் நசுக்கினால் தூளாகும். இன்றைய தரத்தில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போருக்கு முந்திய வார்ப்புகளில் அந்தக் கண்டிப்பு இல்லை. இதற்கு மருந்தும் இல்லை, எண்ணெயோ பெயிண்டோ தடுக்காது. டிரையாங்கின் தொடக்க கால செல்லுலோஸ் அசிடேட் உடல்களும் இப்படியே சுருங்கி வாழைப்பழமாக வளைந்தன. உடலையாவது மாற்றலாம், சேஸிஸ் போனால் மோட்டாரை எதில் மாட்டுவது?

எனவே பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் பெட்டியையும் பிறகு பாருங்கள். முதலில் தலைகீழாகத் திருப்பி, சேஸிஸ் நேராக இருக்கிறதா, அதில் முடிபோல் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். விரிசல் தெரிந்தால் விலையே பேசாதீர்கள். மோட்டார் ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மலிவாகக் கொடுக்கிறார்களா? உடனே வாங்கிவிடுங்கள்.