பாட்டு காதுல, படம் டிவியில

வையம்பட்டி வீடு, ராத்திரி பதினொரு மணி. பக்கத்துல அப்பத்தா தூங்குது. டிவியோட ஹெச்டிஎம்ஐ-ல இணைச்ச கம்ப்யூட்டர்ல 'கோடி' மென்பொருள் ஓடுது. 2014-க்கு முன்னாடி எக்ஸ்பிஎம்சி-ன்னு பேர் இருந்துச்சே, அதேதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோன்னு போய், 'ஆடியோ அவுட்புட் டிவைஸ்'ல ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டு காதுல சரியா கேட்டுச்சு. படத்தைப் போட்டா, டிவி அலறுது! அப்பத்தா எழுந்து உட்கார்ந்துருச்சு.

காரணம், பாஸ்த்ரூ. டால்பி, டிடிஎஸ் ஒலியை கம்ப்யூட்டர்ல டீகோட் பண்ணாம, அப்படியே டிவிக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ அனுப்புற வழி அது. அதுக்குத் தனியா ஒரு டிவைஸ் செட்டிங் இருக்கு. நான் மாத்தினது அதைத் தொடவே இல்ல. பாட்டு எம்பி3, அதனால தப்பிச்சுது.

ஹெட்போன் போடறப்போ 'அலோ பாஸ்த்ரூ'வையும் அணைச்சிடுங்க. அப்போ 'கோடி'யே டீகோட் பண்ணி ஹெட்போனுக்குத் தரும். காலையில ரெண்டையும் பழையபடி வைக்கணும். நான் மறந்துட்டேன். அப்பத்தா போட்ட படம் ஊமையா ஓடுச்சு.