முதுகு நோவுக்கு ஓய்வு மருந்தாகுமா?

உடம்பில் எவ்வுறுப்பு நொந்தாலும் அதற்கு ஓய்வளிப்பது மக்கள் இயல்பு. கால் முறிந்தவர் காலை அசைக்காதிருப்பது போலவே, முதுகு பிடித்துக்கொண்டவரும் பாயை விட்டு எழாதிருத்தல் நன்று என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் இல்டன் 1863-இல் வெளியிட்ட நூல், காயங்களுக்கு ஓய்வே சிறந்த மருந்தெனப் போற்றிற்று. பிற்காலத்தில் முதுகு நோவுற்றோரைப் பல நாள் படுக்க வைத்தலும் வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் பின்னர் ஆய்வுக்கு உட்பட்டது. 1986-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், நோயாளருள் ஒரு சாராரை இரண்டு நாளும் மற்றொரு சாராரை ஏழு நாளும் படுத்திருக்குமாறு பணித்தனர். நீண்ட ஓய்வால் தனிப்பயன் எதுவும் விளையவில்லை. இரண்டு நாள் ஓய்வு பெற்றவரோ விரைவில் வேலைக்குத் திரும்பினர். 1995-இல் பின்லாந்தின் எல்சிங்கி நகர ஊழியர் 186 பேரை மூன்று பிரிவாக்கி மற்றுமோர் ஆய்வு நடைபெற்றது. முதற்பிரிவினர் இரண்டு நாள் படுத்திருந்தனர்; அடுத்த பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர்; மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்குமளவு அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். மூன்றாம் பிரிவினரே நன்கு தேறினர். படுத்திருந்தோர் தேறுதல் மிக மெதுவாயிற்று.

இதன் காரணம் யாது? இயங்காத தசை வலிவிழக்கிறது, மூட்டுகள் இறுகுகின்றன. இவற்றினும் பெரிய தடை அச்சமாகும். 'அசைந்தால் முதுகு இன்னும் கெடும்' என அஞ்சுபவர் அசைவதைக் குறைக்கிறார். அசைவு குறையக் குறைய நோவும் அச்சமும் வளர்கின்றன. இவ்வச்சத்திற்கும் வேலையிழப்பிற்கும் உள்ள நெருங்கிய தொடர்பை இசுகாட்லாந்து மருத்துவர் கார்டன் வாடலும் அவர்தம் துணைவரும் 1993-இல் எடுத்துக்காட்டினர். வலி வேறு, கேடு வேறு. எழும்போது சிறிது வலிப்பதாலேயே உள்ளே ஏதோ முறிந்தது என்று கொள்ளுதல் பிழையாகும்.

ஆயின், முதல் நாளே பளு தூக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. வலி மிகுந்தால் சிறிது நேரம் படுக்கலாம். பின்னர் எழுந்து வீட்டினுள் உலவலாம். இன்று வாசல்வரை நடந்தவர் நாளை தெருமுனைவரை நடக்கலாம். ஏடு திருத்தும் ஆசிரியர் ஒரே இருக்கையில் நெடுநேரம் அமராது, இடையிடையே எழுந்து நடத்தல் நலம். வலி முற்றும் நீங்கும்வரை வேலைக்குச் செல்லாது காத்திருத்தலும் வேண்டுவதில்லை.

எல்லா முதுகு நோவும் இத்தகையதன்று என்பதையும் மறத்தலாகாது. சிறுநீர், மலம் அடக்க இயலாமை, சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடையே மரமரப்பு, கால் வலிவிழத்தல் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலுடன் கூடிய நோவு, பெரும் விபத்தின்பின் வந்த நோவு, முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் நோவு ஆகியவற்றையும் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும்.

ஏனையோர் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவர். அதுவரை அவர்க்குத் துணையாவது பாயன்று, அளவறிந்த நடையே.