மொழி அறியா ஊரும் ஆசிரியர்தம் பொறுமையும்

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் தம் நாட்டுப் பள்ளிகளிலேயே கற்பித்துப் பழகுவது வழக்கம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமோ, அயல்நாட்டுப் பள்ளிகளிலும் அப்பயிற்சியைப் பெறும் வாய்ப்பினை 1970களிலேயே தன் மாணவர்க்கு ஏற்படுத்தியது. மொழி தெரியாத ஊரில் பாடம் நடத்தச் செல்லும் இளைஞர் அங்கே எதனைக் கற்கிறார் என நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

தாயகத்தில் சொல்வன்மை மிக்கவராய் விளங்கியவர், அங்கே கடையில் ரொட்டி கேட்கவும் திணறுவார். வாக்கியம் மனத்தில் இருக்கும், நா எழாது. கடைக்காரர் சற்றே பொறுத்தால் சொல்லிவிடலாம். அவரோ அதற்குள் அடுத்தவரிடம் திரும்பிவிடுவார். ஜப்பானில் இடர் வேறு வகைத்து. 'ஹாய்' என்னும் சொல்லுக்கு 'ஆம்' என அகராதி பொருள் கூறும். 'தாங்கள் சொல்வதைக் கேட்கிறேன்' என்னும் அளவிலும் அது வழங்கும். மாணவர் 'ஹாய்' என்றதும் பாடம் விளங்கிற்றென மகிழ்பவர், மறுநாள் அதே பாடத்தை மீண்டும் தொடங்க நேரும்!

மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியறிஞரின் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடியே என 1974இல் அவர் எழுதினார். அதனை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. 'தெரியாது' என்போர் குறைந்தனர். வாளாவிருந்தோரும் பேச முன்வந்தனர். வருத்தந் தரும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. நன்கு கற்பவர் எனத் தாம் கருதிய மாணவர்க்கு மிகுதியாகவும், பின்தங்கியோர்க்குக் குறைவாகவுமே ஆசிரியர்கள் காத்திருந்தனர். எவர்க்கு நேரம் தேவையோ அவர்க்கே அது மறுக்கப்பட்டது. தமிழ் வழியில் பயின்று, ஆங்கில வழி வகுப்பில் முதனாள் அமரும் நம் மாணவரும் இதனை நன்கறிவர்.

பொறுமை என்பதைச் சினம் அடக்குதல் என்றே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். ஆசிரியர்க்கு அஃது போதாது. மூன்று நொடி சிறிதெனத் தோன்றும். நாற்பது கண்கள் நோக்கி நிற்கும் அமைதியில் அது மிக நெடிது. கடையில் நா எழாது நின்றவர்க்கோ அம்மூன்று நொடியின் அருமை எவரும் உரைக்காமலே விளங்கும்.

நொடிக்கணக்கோடு இது முடிவதும் அன்று. கனடாவில் குடியேறிய சிறாரை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டில் வசப்படினும், பாடங்களுக்குரிய மொழியில் உடன்பயில்வோரை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்றார். விளையாட்டுத் திடலில் தடையின்றிப் பேசும் சிறுவன் வரலாற்றுப் பாடத்தில் திணறினால், அவனை மந்தன் எனத் தீர்ப்பளித்தல் எளிது.

அத்தகைய தீர்ப்பின் விளைவைக் கலிஃபோர்னியா கண்டது. ஸ்பானிய மொழி பேசும் இல்லங்களைச் சேர்ந்த 9 சிறார், ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுச் சோதனையால் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். ஸ்பானிய மொழியில் மீண்டும் சோதித்தபோது, அவருள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் எனத் தெரிந்தது. அவர்கள் பொருட்டுத் தொடரப்பட்ட வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. சிறாரை அவர்தம் தாய்மொழியிலும் சோதித்தல் வேண்டும் என அம்மாநிலக் கல்வித்துறை ஏற்றது.